நியூட்ரல் எங்கே என்று கேட்டார் உன் மாமா

விஜயதசமிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தகரப் பட்டறையின் வாசல். உள்ளே போனவை: உன் மாமா ஒருவர், லேப்டாப் ஒன்று, காலால் இயக்கும் நெம்புகோல் இரண்டு, விளக்குப் பெட்டி ஒன்று. வெளியே நிற்பது நான் ஒருவன்.

பாப்பா, இதை நீ படிக்கும்போது உனக்கு இருபது வயதாவது ஆகியிருக்கும். பாப்பா என்று கூப்பிட்டால் முறைப்பாய். முறைத்துக்கொள். இன்றைக்கு உனக்கு மூன்றரை வயது, எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. மகளுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாம் தலை நரைத்த பிறகுதான் எழுதுகிறார்கள். அதுவரை காத்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் இரண்டு கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். சும்மா உட்கார்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். உள்ளே வரக்கூடாது என்று உன் மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் மாமா வேலு, உன் அம்மாவின் அண்ணன், இந்தப் பட்டறையில் வரைபடக்காரராக இருந்தவர். மின்சாரப் பெட்டிகளுக்கான தகட்டை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பார். போன வருஷம் மழையில், நோணாங்குப்பம் பாலத்துக்குப் பக்கத்தில் அவருடைய பைக் சறுக்கியது. எலும்பு எதுவும் உடையவில்லை. தோளிலிருந்து வலது கைக்குப் போகும் நரம்புகள் அறுந்துபோயின. கை இருக்கிறது, சொன்னபடி கேட்பதில்லை. ஆபரேஷன் பண்ணியும் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளி வரைக்கும் அவர் சீட்டைக் காலியாக வைத்திருப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். இன்றைக்கு மதியம் ஒரு மணிக்குள் ஒரு பெட்டியை முழுசாக வரைந்து காட்டினால் சீட்டு அவருடையது. இல்லாவிட்டால் வேறு ஆள். மாமாவுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். வரைகிறவர்களுக்கு ஒரு கை மவுசில் இருக்க வேண்டும், மறு கை விசைப்பலகையில் இருக்க வேண்டும். அவரிடம் இருப்பது ஒரு கை.

நான் தட்டாஞ்சாவடியில் பட்டன் செய்கிறவன். எடை மெஷின், வாஷிங் மெஷின் இவற்றின் முகப்பில் அழுத்துகிற பலகைகள் எங்கள் கம்பெனியில்தான் தயாராகின்றன. பட்டன் செய்து சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டனுக்கு எதிர்காலம் இல்லை என்று பேசுகிற ஆள் நான். முதலில் பட்டன் போகும், அப்புறம் மவுஸ், அப்புறம் கண்ணாடித் திரையைத் தடவுவதும் போகும், மனிதன் நினைத்தால் போதும், கம்ப்யூட்டர் செய்யும் என்று கல்யாண வீடுகளில்கூட ஆள் பிடித்து வைத்துப் பேசியிருக்கிறேன். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கே உன் மாமாவிடம் இதைப் பேசினேன். அவர் பஜ்ஜியை மென்றுகொண்டே, "நெனச்சா போதும்னா நீ இங்க வந்திருக்கவே வேணாமே மாப்ள, வீட்லயே நெனச்சிருக்கலாமே" என்றார்.

எந்த விசைப்பலகை மீதும் எனக்குப் பக்தி கிடையாது, அதற்கும் காரணம் உண்டு. எனக்குப் பத்து வயதில் வந்த முதல் கம்ப்யூட்டர், எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா வீட்டில் கழித்துப் போட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம், அது உனக்குத் தெரிந்திருக்கும். அந்த வீட்டுப் பையன் பாரீசிலிருந்து கொண்டுவந்த விசைப்பலகை அது. மற்ற ஊர்ப் பலகையில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். ஒரு எண் அடிக்க வேண்டுமென்றால் இன்னொரு விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டு வருஷம் அதில் பழகிவிட்டுப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது என் பெயரையே தப்பாக அடித்தேன். வாத்தியார் சிரித்தார். எழுத்து எங்கே இருக்க வேண்டும் என்பது யாரோ நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்தது, மாற்றினால் மாறிவிடும் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது சரிதான். ஆனால் அது பாதிதான்.

உன் மாமாவுக்காக, அதாவது என் மச்சானுக்காக, நான் முதலில் செய்தது குரல். "கோடு" என்றால் கோடு, "வட்டம்" என்றால் வட்டம். எங்கள் கம்பெனியில் அருமையாக வேலை செய்தது. அவருடைய முதலாளியிடம் கேட்டு அரை நாள் இங்கே கொண்டுவந்து போட்டுப் பார்த்தோம். பக்கத்து அறையில் தகடு அடிக்கும் பிரஸ் ஓடுகிறது. அதை மீறி மச்சான் கத்த வேண்டும். அவர் "கோடு" என்று கத்தினால் அடுத்த சீட்டுக்காரன் "போட்டுட்டேண்ணே" என்கிறான். "வட்டம்" என்றால் நாலு சீட்டும் சேர்ந்து "சுத்திட்டோம்ணே" என்கின்றன. மத்தியானம் அவரே கழற்றி வைத்துவிட்டார்.

அடுத்தது கண். பார்வை போகும் இடத்துக்குத் திரையில் அம்பு போகும். ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு கண் எரிகிறது என்றார். "பன்னெண்டரைக்கு மேல எல்லாக் கோடும் மூலைல இருக்கிற கடிகாரத்துக்கே போவுது மாப்ள. பசி வேளையில இத நம்ப முடியாது" என்றார். நான் சிரிக்கவில்லை. கண் என்பது பார்ப்பதற்கு இருக்கிறது, அதை வேலைக்கு வைத்தால் பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் போகிறது. இதை யோசிக்காமல் ஒரு மாதத்தை அதில் கொட்டியிருந்தேன்.

மூன்றாவது, கையில் கட்டும் பட்டை. இடது முன்கையின் தசை சுருங்கும்போது எழும் மின்சாரத்தைப் படித்து, விரல் அசையுமுன்பே இன்ன வேலை என்று கண்டுபிடித்துவிடும். உலகம் இதை நோக்கித்தான் போகிறது என்று இன்றைக்கும் சொல்கிறேன். உன் காலத்தில் இது சட்டைப் பொத்தான் மாதிரி சாதாரணமாக இருக்கலாம், அல்லது இதையும் தாண்டித் தலைக்குள் ஏதாவது வைத்திருப்பார்கள். மச்சான் மூன்று நாள் கட்டிக்கொண்டார். நான்காம் நாள், பாதி முடிந்த வரைபடத்தில் ஒரு பக்கம் மொத்தமாக மறைந்துபோனது. அழிப்பதற்கு முஷ்டியை இறுக்க வேண்டும் என்று நான் வைத்திருந்தேன்.

"நீங்க இறுக்கியிருப்பீங்க மச்சான்."

"இறுக்கல. அழிச்சிடலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு. வேணாம்னு நெனைக்கறதுக்குள்ள போயிடுச்சு."

"திரும்ப எடுத்துடலாம், ஒண்ணும் போயிடல."

"எடுத்துடலாம். அதுக்கில்ல. இது என்னக் கேக்காம செய்யுது மாப்ள." பட்டையைப் பல்லால் பிடித்துக் கழற்றி என் கையில் கொடுத்தார். பட்டை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, தசை அசைந்ததைத்தான் படித்திருக்கிறது, வேண்டுமானால் அளவைக் காட்டுகிறேன் என்று வாதாடினேன். ஆவணி முழுக்க இதே வாதம். அவர் கட்டிக்கொள்ளவே இல்லை.

டீக்கடைக்காரர் இப்போது கேட்கிறார், "உள்ள யாராச்சும் பரிச்சை எழுதறாங்களா சார்? வாசலையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே."

"ஆமாண்ணே."

"பொண்ணா, பையனா?"

"மச்சான்."

மூன்றாவது டீயைக் கேட்காமலேயே வைத்துவிட்டுப் போகிறார். மணி பத்தே கால். பிரஸ் ஓடும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

அடுத்து நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கை ஒன்றுதான், குரல் வேண்டாம், கண் வேண்டாம், தசை வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது கால். சுலபமான கணக்கு. மரத்தில் ஆறு பெரிய விசைகள் செய்தேன். ஒவ்வொன்றின் மேலும் பெரிதாக, அழகாக, வெள்ளைப் பெயிண்டில் எழுத்து எழுதினேன். கோட்டுக்கு கோ, வட்டத்துக்கு வ, அளவுக்கு அ. நம் வீட்டு மேசைக்குக் கீழே தரையில் வைத்துவிட்டு, மிதிங்க என்றேன்.

மச்சானின் கால் அந்தரத்தில் நின்றது.

"என்னா மாப்ள, எழுத்தத் தூக்கித் தரையில போட்டு வச்சிருக்க?"

"மிதிங்க மச்சான். வட்டம் வேணும்னா வ."

மிதித்தார். மிதித்த மாத்திரத்தில் இடது கை மவுசை விட்டுவிட்டுக் கீழே போனது, விசையைத் தொட்டது, கண்ணுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. வட்டம் திரைக்கு வெளியே ஓடிவிட்டது. மறுபடி மிதித்தார், மறுபடியும் அதே. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அது. நமக்கெல்லாம் நடக்கக் கற்ற நாளிலிருந்து உடம்பில் ஏறியிருக்கிறது.

"இப்படி ஒவ்வொரு தடவையும் கும்பிட்டா சாயங்காலத்துக்குள்ள ஒரு பொட்டி முடியாது" என்றேன்.

"நானா செய்யறேன்? தானா போவுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரம், பெயிண்ட், ஒயர், இதில் எங்கே சரஸ்வதி இருக்கிறாள் என்றேன். தையல் மெஷினை மிதிக்கவில்லையா, அதுவும் தொழில்தானே என்றேன். "அதுல அ எழுதியிருக்கா?" என்றார். அவர் சொன்னது சரியான பதில். அது எனக்கு உறைக்கவில்லை. "சரி, ஒத்திக்கிட்டே வரைங்க, யாரு வேணாம்னா" என்று கிண்டலாகச் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கையால?"

உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இடது கையால் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கமில்லை. வலது கை அவர் மடியில் கிடந்தது. பாதி வழியில் அந்தக் கை ஏன் நின்றது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு நாளைக்கு நானூறு தடவை அவருக்கு அதை ஞாபகப்படுத்துகிற ஒரு சாமானை நான் ஆசையாகப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் வரவில்லை.

அந்தப் பத்து நாளில் ஒருநாள், அவசரமாக வேலைக்குக் கிளம்பும்போது, நீ கூடத்தில் பரப்பி வைத்திருந்த யானைப் படப் புத்தகத்தை மிதித்துவிட்டேன். குனிந்தேன், தொட்டேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன், நிமிர்ந்தேன். உன் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "மரம், பெயிண்ட், ஒயர்தானே?" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பாப்பா, இதில் உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். நீயும் ஒருநாள் யாருக்காவது எதையாவது செய்து கொடுப்பாய். அவர்கள் உடம்பால் எது முடியும் என்று அளந்து பார்ப்பாய், அது நல்லது. அந்த உடம்பு எதற்குச் சம்மதிக்கும் என்பது வேறு. அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. கூடவே இருந்து பார்க்க வேண்டும். எனக்குக் கூடவே இருந்து பார்ப்பது மகா கஷ்டம். நீ என் ஜாடை என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் உனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நான் பார்த்தது தற்செயலாகத்தான். நரம்பு டாக்டரிடம் போகும் நாள் வந்தது. கோபம் இருந்தாலும் என் பைக்கில்தான் போக வேண்டும், ஆட்டோவுக்கு அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். முதலியார்பேட்டை தாண்டியதும், "கியர மாத்து மாப்ள, இன்ஜின் கத்துது கேக்கல?" என்றார். மாற்றினேன். சிக்னலை நெருங்கும்போது ஓரக்கண்ணால் கீழே பார்த்தேன். அவருடைய இடது கால் கட்டைவிரல் செருப்புக்குள் அழுந்தி அழுந்தி எழுந்துகொண்டிருந்தது. நான் கியரைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அரை நொடி முன்னால் அந்தக் கால் குறைத்தது. வலது கால் பிரேக் பிடித்தது. பதினைந்து வருஷம் வண்டி ஓட்டிய கால்கள். அவற்றுக்கு யாரும் வேலை போய்விட்டது என்று சொல்லவில்லை.

அவருடைய பைக் அவருடைய முதலியார்பேட்டை வீட்டின் கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. விற்கவும் விடவில்லை, பார்க்கவும் இல்லை. அவர் டாக்டரிடம் இருந்த நேரத்தில் நான் திரும்பி வந்து, கியர் நெம்பையும் பிரேக் மிதியையும் கழற்றிக்கொண்டு போனேன். வீட்டில் உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு ஆடித் தீர்த்துவிட்டாள். "யாரக் கேட்டுக் கழட்டின? அந்தச் சனியனையா ஊட்டுக்குள்ள கொண்டாந்த? எங்கண்ணன் கையத் தின்ன வண்டி அது." நான் சாலிடரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கவில்லை. மூன்று நாளில் முடித்தேன். நெம்பைக் கீழே தட்டினால் கோடு, மேலே தட்டினால் வட்டம், இன்னும் மேலே அளவு, இன்னும் மேலே நகல். எந்த வேலையில் இருக்கிறோம் என்று காட்ட மேசை மேல் விளக்குப் பெட்டி. பிரேக்கை மிதித்தால் முடிந்தது என்று அர்த்தம். எழுத்து எங்கேயும் கிடையாது.

மச்சானை உன் அம்மாதான் போன் பண்ணி வரவழைத்தாள். அவர் மேசைக்குக் கீழே பார்த்தார். நெம்பின் ரப்பர் அவர் காலுக்கு ஏற்றபடி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"இது என் வண்டியோடது."

"ஆமா மச்சான்."

"என்னக் கேக்கல நீ."

"கேட்டா குடுத்திருக்க மாட்டீங்க."

"குடுத்திருக்க மாட்டேன்." பிறகு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தார். டக் என்று கீழே ஒன்று. டக் டக் என்று மேலே. கை மவுசிலிருந்து நகரவில்லை. ஒரு கோடு, ஒரு வட்டம், ஓர் அளவு. பிரேக். நான் மூச்சு விட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, "நியூட்ரல் எங்க?" என்றார்.

"என்ன?"

"நியூட்ரல் மாப்ள. இது எப்பவும் ஏதாச்சும் ஒரு கியர்லயே நிக்குது. சும்மா யோசிக்கணும்னா நான் எங்க நிக்கறது?"

நான் நியூட்ரல் வைக்கவில்லை. எந்த நேரமும் ஏதோ ஒரு கட்டளை தயாராக இருக்க வேண்டும், அதுதான் வேகம் என்று நினைத்தேன். எனக்கு அப்படித்தான் புத்தி போகும். அன்றைக்கே உட்கார்ந்து கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஒன்றும் செய்யாத ஓரிடத்தைப் போட்டு, அதற்கு ஒரு பச்சை விளக்கு வைத்தேன். தசைப் பட்டையை அவர் ஏன் பல்லால் கழற்றினார் என்பதற்கான பதிலும் அதில் இருந்தது. அதில் பச்சை விளக்கு கிடையாது. ஆசைப்படுவதற்கும் செய்வதற்கும் நடுவில் நிற்க அது இடம் விடவில்லை. உன் கையில் என்ன கருவி இருந்தாலும், கையிலேயே இல்லாமல் போனாலும், வாங்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேள். நியூட்ரல் எங்கே என்று கேள். காட்டத் தெரியாதவனிடம் வாங்காதே, அவன் உன் அப்பாவாக இருந்தாலும்.

முந்தாநாள் ஆயுத பூஜைக்கு உன் அம்மா அந்த நெம்புக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். திட்டிக்கொண்டேதான் வைத்தாள். நேற்று விஜயதசமிக்கு உன்னைப் பச்சரிசித் தட்டின் முன் உட்கார வைத்தோம். மாமா மடியில் உட்கார்ந்து, அவர் விரல் பிடித்து நீ அ எழுத வேண்டும் என்பது உன் அம்மாவின் ஆசை. "என்னை விட்டுடு" என்று சுவரோரம் நின்றுகொண்டார். நீ யாரையும் கேட்கவில்லை. அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, தினமும் உனக்கு பிஸ்கட் கொடுக்கிற இடது கையின் விரலை இழுத்து அரிசியில் குத்தினாய். எது வலது, எது இடது என்று உனக்கு யார் சொன்னது? கோணலாக ஓர் அ வந்தது. எல்லோரும் கை தட்டியதும் நீ குஷியில் எழுந்து, அந்தத் தட்டிலேயே ஏறி நின்றுவிட்டாய். அ உன் காலுக்குக் கீழே.

"மிதிச்சிட்டா பாரு, அப்பன மாதிரியே" என்றார் மச்சான். சிரித்துக்கொண்டே குனிந்து, அரிசியைத் தொட்டு, இடது கையால் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பாதி வழியில் நிற்கவில்லை.

பன்னிரண்டு இருபது. பிரஸ் நின்றுவிட்டது, சாப்பாட்டு மணி. ஆட்கள் வெளியே வருகிறார்கள். அவர் வரவில்லை.

பன்னிரண்டு நாற்பது. வருகிறார். லேப்டாப் பை இடது தோளில். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் எழுந்து சாலையைத் தாண்டிப் போய்விட்டு, இப்போது திரும்பி வந்து மிச்சத்தை எழுதுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருக்கிறார்.

"பிரேக் டைட்டா இருக்கு மாப்ள" என்றார் வந்ததும். "திங்கக்கெழமலேர்ந்து தெனமும் எட்டு மணி நேரம்னா கால் விட்டுப்போயிடும்."

"திங்கக்கிழமையா? முதலாளி என்ன சொன்னாரு?"

"கீழ குனிஞ்சு காலப் பாத்துக்கிட்டே இருந்தாரு. எந்தக் கம்பெனி மெஷினுன்னாரு."

"நீங்க?"

"என் வண்டின்னேன்."

இனி நான் செய்யப் போவது:

1. பிரேக்கின் சுருள்வில்லை மாற்றுவேன். இன்றைக்கே.

2. பச்சை விளக்கைப் பெரிதாக்குவேன். ஜன்னல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லையாம்.

3. ஆறு எழுத்துப் பலகையை உன் உயரத்துக்குச் சுவரில் மாட்டுவேன். கையால் அழுத்திக்கொள்.

4. தசைப் பட்டையைத் தூக்கிப் போட மாட்டேன். அதற்கு ஒரு நியூட்ரல் கண்டுபிடிக்கும் வரை யார் கையிலும் கட்டவும் மாட்டேன்.

5. இனி யாருடையதையும் கழற்றும் முன் கேட்பேன். கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தாலும் கேட்பேன். இதை எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

6. ஞாயிற்றுக்கிழமை உன்னை முன்னால் உட்கார வைத்து, மச்சானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போவேன். அந்தப் பாலம் வேண்டாம் என்று ஒரு வருஷமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம். பாலத்து மேலேயே போ என்று இப்போது அவர்தான் சொன்னார். கியரை எப்போது மாற்றுவது என்பதையும் அவரே சொல்வார்.